துரை எழுதிய பாலம்

போர் வரலாறு படிக்கிறவர்களுக்குச் சிலிம் ரிவர் தெரிந்த ஊர். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் ட்ரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலையில் கிளம்பி, இரு பக்கமும் பால்மரக் காடு நிற்க, தெற்கு நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தன. பொழுது சாய்வதற்குள் 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்காம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. அன்றைய சண்டையை மணிக்கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். டாங்கிகளை நடத்தி வந்த மேஜர் ஷிமாடா முதல், பாலத்தைக் காக்க நின்றவர்கள் வரை எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. பஞ்சாபியர், ஹைதராபாத் படையினர், கூர்க்கர், ஸ்காட்லாந்துக்காரர் என்று வரைபடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். குளூனி தோட்டமும் வருகிறது, ஓர் இடப்பெயராக. அந்தத் தோட்டத்து லயங்களில் அன்று காலைப் பெரட்டுக்கு எழுந்த தொழிலாளர்கள்தான் எங்கேயும் வருவதில்லை.

வரலாற்றாசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கைக்கு எட்டியவை பட்டாளத்து நாட்குறிப்புகள். பால்மரம் வெட்டியவர் நாட்குறிப்பு எழுதவில்லை. அவரைப் பற்றி அன்றாடம் எழுதி வைத்தவர் தோட்டத்துக் கிராணி ஒருவர்தான். அதுவும் செக்ரோல் புத்தகத்தில், வந்தாரா வரவில்லையா என்ற அளவில்.

அதற்கு அடுத்து வந்தது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில், மரண ரயில் என்று பேர் வாங்கியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் செத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர். செத்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒன்று கணக்கு, மற்றது மதிப்பீடு. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசை பிசகாமல் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றப்பட்ட தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் கிடையாது.

இனி இந்த அத்தியாயத்தின் நாயகருக்கு வரலாம். அவர் ஒரு துரை.

பியேர் பூல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1930களின் பிற்பாதியில் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். போர் வந்ததும் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பினார். சயாம் ரயில் பாதையில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் 1952இல் அவர் எழுதிய நாவல்தான் குவாய் நதிப் பாலத்தைப் பற்றியது. ஐந்தாண்டு கழித்து டேவிட் லீன் அதைப் படமாக எடுத்தார். படப்பிடிப்பு நடந்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில், கித்துள்கலவில், களனி ஆற்றின் மீது. ஏழு ஆஸ்கார் விருதுகள். மரண ரயில் என்றதும் உலகத்தார் மனத்தில் எழுவது இன்றைக்கும் அந்தப் படம்தான்: விறைப்பான ஒரு பிரிட்டிஷ் கர்னல், சீட்டியடித்துக்கொண்டு அணிவகுக்கும் கைதிகள், கடைசியில் வெடித்துச் சிதறும் மரப்பாலம்.

உண்மையில் அந்தக் கைதிகளுக்குத் தலைமை ஏற்றிருந்த பிலிப் டூசி என்ற அதிகாரி, படத்துக் கர்னலைப் போல எதிரிக்கு ஆசையாகப் பாலம் கட்டிக்கொடுத்தவர் அல்லர். முடிந்த வரை வேலையைக் கெடுத்தவர். பாலம் ஒன்றல்ல, இரண்டு: மரத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று. 1945இல் விமானக் குண்டு வீச்சில் சேதமடைந்தன. இரும்புப் பாலத்தைப் பழுது பார்த்து இன்றும் ரயில் விடுகிறார்கள். எல்லாவற்றையும் விட வேடிக்கை ஆற்றின் பெயர். பாலத்தின் அடியில் ஓடியது குவாய் நதியே அல்ல, மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்திறங்கிய பயணிகள் குவாய் நதி எங்கே, பாலம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். 1960இல் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டது. நதியைப் பார்த்துக் கதை எழுதுவார்கள். இங்கே கதையைப் பார்த்து நதி பெயர் மாறியது.

படத்தில் தோட்டத்துத் தமிழர்கள் யாரும் பாத்திரமாக இல்லை. தமிழர்கள் வேலை செய்த தோட்டங்களில் துரையாக இருந்த ஒருவரின் கற்பனையிலிருந்து பிறந்த கதை அது என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. அந்த உறுத்தல் ஒரு புறம் இருக்கட்டும். அறிவியல் கேட்கும் கேள்வி வேறு: எண்ணும் ஆவணமும் கல்லறையும் செய்ய முடியாததை ஒரு கற்பனைக் கதை எப்படிச் செய்துவிடுகிறது?

ஒரு விடை 1969இலேயே கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்டன் பவர், மைக்கேல் கிளார்க் என்ற இருவர் மாணவர்களுக்குப் பன்னிரண்டு பட்டியல்கள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்துச் சொற்கள், ஒன்றுக்கொன்று ஒட்டுறவு இல்லாதவை. ஒரு பாதியினரிடம், பட்டியலில் உள்ள சொற்களைக் கோத்து மனத்துக்குள் ஒரு குட்டிக் கதை கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம் வெறுமனே மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நேரம் இருவருக்கும் ஒன்றே. ஒவ்வொரு பட்டியலும் முடிந்தவுடன் கேட்டபோது இரு சாராரும் ஏறக்குறைய சமம்தான். பன்னிரண்டும் முடிந்த பிறகு மொத்தமாகக் கேட்டபோதுதான் தெரிந்தது: கதை கட்டியவர்கள் 93 சதவீதம் சொன்னார்கள். மனப்பாடக்காரர்கள் 13 சதவீதம்.

உளவியலில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. பட்டியலில் ஒரு சொல் மறந்தால் அது மறந்ததுதான். மீட்பதற்குப் பிடி கிடையாது. கதையில் ஒவ்வொரு சொல்லும் முன்னும் பின்னும் ஒரு காரணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அவன் ஏன் ஓடினான் என்பது நினைவிருந்தால் எங்கே ஓடினான் என்பது தானே வந்துவிடும். ராமாயணத்தை வரிசை மாறாமல் சொல்லும் பாட்டிக்குப் போன வாரம் வாங்கிய மளிகைப் பட்டியல் நினைவில்லாமல் போவது இதனால்தான்.

ஆனால் நினைவில் நிற்பதெல்லாம் உண்மையா? எலிசபெத் மார்ஷ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் வருகிறது. சிறுகதைகளுக்குள் பொது அறிவுத் தகவல்களைப் பாத்திரங்கள் பேச்சுவாக்கில் சொல்வது போல நுழைத்தார்கள். சில சரி, சில வேண்டுமென்றே தப்பு. பிறகு வேறொரு தேர்வு போலப் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். கதையில் படித்த தப்பான பதிலைப் பலர் அப்படியே எழுதினார்கள். கதைதானே, அதில் வருவது சரியாக இருக்கும் என்று யார் சொன்னது என்ற ஜாக்கிரதை அவர்களுக்கு வரவில்லை. இன்னும் விசித்திரம், அந்தத் தப்பான பதில் தங்களுக்கு முன்பே தெரியும் என்று பலர் நம்பினார்கள். பிந்தைய சோதனையில், கதையில் தவறு இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்துப் பார்த்தார்கள்; பெரிய பலன் இல்லை.

நம்மூர்ச் சாட்சி வேண்டுமென்றால் நந்தினியைக் கேளுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களில் எத்தனை பேர் நந்தினியைச் சோழ வரலாற்றில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கல்வெட்டில் உள்ள வந்தியத்தேவனும் கல்கியின் கற்பனையில் பிறந்த நந்தினியும் வாசகர் மூளையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூளை செய்தியைச் சேமிக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற முகவரிச் சீட்டை அவ்வளவு கவனமாகச் சேமிப்பதில்லை. முகவரிச் சீட்டு முதலில் உதிர்ந்துவிடும், சரக்கு மட்டும் தங்கிவிடும்.

ஆகக் கதையின் பலத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த முதல் செய்தி, அது நல்லது செய்யும் என்பதல்ல. அது தங்கும் என்பதே. யார் எழுதினார்களோ அவர்களுடைய கணக்கில் தங்கும்.

கதை படித்தால் நல்லது என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் வேறு. கதை படிக்கிறவனுக்கு இரக்கம் வரும், பிறர் மனம் புரியும் என்பார்கள். 2013இல் இதற்கு அறிவியல் முத்திரை கிடைத்தது போலத் தோன்றியது. டேவிட் கிட், இமானுவேலே கஸ்தானோ என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் ஐந்து சோதனைகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு இலக்கியத் தரமான சிறுகதை, இன்னொன்றுக்கு ஜனரஞ்சகக் கதை, மற்றொன்றுக்குக் கட்டுரை. படித்து முடித்தவுடன் ஒரு தேர்வு: கண்கள் மட்டும் தெரியும் 36 புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். அந்தக் கண்ணுக்கு உரியவர் என்ன உணர்கிறார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கியக் கதை படித்தவர்கள் சற்றுக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். செக்காவ் படித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

(அந்த 36 ஜோடிக் கண்களும் வெள்ளைக்கார முகங்களிலிருந்து வெட்டியெடுத்தவை. சொற்களோ நல்ல இங்கிலீஷ் தெரிந்தவரையே யோசிக்க வைப்பவை. நம்மூர் கங்காணி ஒருவர் ஆள் முகத்தைப் பார்த்தவுடன் இன்றைக்கு வேலைக்கு மட்டம் போடப் போகிறவன் யார் என்று சொல்லிவிடுவார். இந்தத் தேர்வில் அவர் தோற்றிருப்பார்.)

பிறகு மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2016இல் ஒரு குழுவுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018இல் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை ஒரு பெரிய கூட்டணி மறுபடி நடத்தியபோது 13தான் தேறின. கதைச் சோதனை தேறவில்லை. அதே ஆண்டில் டேவிட் டோடெல்-ஃபெடர், டயானா தமிர் இருவரும் இத்தகைய 14 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் ஒரு விளைவு இருக்கிறது, ஆனால் ரொம்பச் சிறியது. எவ்வளவு சிறியது? கதை படித்த ஒருவரையும் படிக்காத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால், நூற்றுக்கு 54 தடவை கதை படித்தவர் மேலே இருப்பார். விளைவே இல்லை என்றால் 50. வித்தியாசம் நான்கு.

ஒரே ஒரு கதையை ஒரே ஒரு மதியம் படிக்கக் கொடுத்து ஆள் மாறிவிட்டானா என்று அளப்பதில் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கையில்லை. பால்மரம் அறிந்தவர்களுக்கு இது புரியும். புதுக் காட்டில் முதல் நாள் பட்டை சீவினால் மங்கின் அடிகூட நனையாது. அதே வெட்டை ஒட்டி நாள்தோறும் சீவச் சீவத்தான் மரம் பாலைக் கூட்டித் தரும். இதைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்ற தாவரவியலாளர் நிறுவிக் காட்டிய பிறகுதான் ரப்பர் ஒரு தொழிலாயிற்று. முதல் நாள் மங்கைப் பார்த்துவிட்டு மரம் உதவாது என்று அவர் போயிருந்தால், நம்மில் பாதிப் பேர் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டோம்.

நீண்ட காலப் பழக்கத்தை அளக்க வேறு வழி இருக்கிறது. எவ்வளவு படிக்கிறீர்கள் என்று ஆளைக் கேட்டால் பொய் சொல்வார். அதனால் கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்ட்டும் 1989இல் ஒரு தந்திரம் செய்தார்கள். எழுத்தாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தெரிந்தவர்களைக் குறிக்கச் சொன்னார்கள். நடுவே எழுத்தாளரே அல்லாத பெயர்களையும் கலந்துவிட்டார்கள். அவற்றைக் குறித்தால் மதிப்பெண் குறையும். நம்மூருக்குச் செய்தால் மு. வரதராசனார், அகிலன், ரெ. கார்த்திகேசு, சை. பீர்முகமது என்று எழுதி இடையிடையே நாலு பொய்ப் பெயர்களைச் செருகலாம். ரேமண்ட் மார் குழுவினர் 2006இல் இந்த முறையால் கதைப் படிப்பையும் கட்டுரைப் படிப்பையும் தனித்தனியே அளந்தார்கள். கதைப் பெயர்களை அதிகம் அறிந்தவர்கள் கண் தேர்வில் மேலே இருந்தார்கள். கட்டுரையாளர் பெயர்களை அறிந்தவர்களுக்கு அந்த ஆதாயம் இல்லை. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. மனிதர்கள் மேல் இயல்பாகவே ஆர்வம் உள்ளவர்கள் கதையைத் தேடிப் போகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம்.

சந்தேகத்துக்கு அதிகம் இடம் வைக்காத ஆதாயம் மொழியில் இருக்கிறது. சுசான் மோல், ஆட்ரியானா பஸ் இருவரும் 99 ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் கணக்கிட்டபோது ஒரு படிக்கட்டு தெரிந்தது. பிள்ளைகளின் பேச்சுமொழித் திறனில் காணும் வேறுபாட்டில், பள்ளிக்குப் போகும் முன் 12 சதவீதம் ஓய்வுநேரப் படிப்போடு சேர்ந்து போகிறது. ஆரம்பப் பள்ளியில் 13, பல்கலைக்கழகத்தில் 34. படித்தால் சொல் சேரும், சொல் சேர்ந்தால் படிப்பது எளிதாகும், எளிதானால் இன்னும் படிப்பான். தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கதைப் புத்தகம் வாங்கலாமா, தேர்வு வழிகாட்டி வாங்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் விவாதம் வரும்போது இந்த எண்களை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். வழிகாட்டிதான் ஜெயிக்கும். ஆனாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லட்சம் சாவு ஏன் மனத்தைத் தொடவில்லை, ஒரு பாலம் ஏன் தொட்டது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. டெபரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் கையில் ஐந்து டாலர். ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு எவ்வளவு தருவீர்கள்? ஒரு சாராருக்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி நாலு வரி கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு லட்சக்கணக்கில் பட்டினி கிடப்போர் புள்ளிவிவரம். ரோக்கியாவுக்குச் சராசரி 2.38 டாலர் விழுந்தது, புள்ளிவிவரத்துக்கு 1.14. மூன்றாம் சாராருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். கூடுதலாக விழுந்திருக்க வேண்டும், விழுந்தது 1.43. எண் வந்து சேர்ந்ததும் சிறுமியும் மங்கிப்போனாள்.

மலேசியத் தமிழில் மரண ரயிலுக்கு ஒரு ரோக்கியா கிடைக்க நாளாயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல் வந்தது. தண்டவாளம் போட்டு முடித்து ஐம்பது ஆண்டு. பிறகு அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’. இவற்றில் வரும் ஆட்களுக்குப் பெயர் இருக்கிறது, கட்டி வந்த சோறு இருக்கிறது, விட்டு வந்த மாடு இருக்கிறது. கலை என்ற அளவில் மூன்றும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூல் விட்ட இடத்தை நிரப்பும் வேலையை இவைதான் செய்தன. ஆவணக் காப்பகம் நிரப்பவில்லை. மார்ஷின் சோதனையை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த நாவலாசிரியர்கள் மேல் ஒரு பெரும் பாரம் இருப்பதும் தெரியும். அவர்கள் எழுதிய முகாமின் பெயர், காலராவின் மாதம், அரிசியின் அளவு எல்லாம் வாசகரிடம் வரலாறாகத்தான் தங்கப்போகின்றன. பூலுக்கு இருந்த சலுகை அவர்களுக்கு இல்லை.

எழுதுவதற்கு வருவோம். வாசிப்பை அளந்த அளவுக்கு எழுதுவதை யாரும் அளக்கவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அளந்திருக்கிறார்கள், வேறு பெயரில்.

1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 46 கல்லூரி மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். சிலர் அறையில் உள்ள பொருள்களைப் பற்றி எழுதினார்கள். சிலர் வாழ்க்கையில் பட்ட பெரிய அடியை, என்ன நடந்தது, என்ன உணர்ந்தோம் என்று இரண்டும் சேர்த்து எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் மற்றவர்களை விடச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். அதன் பின் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் வந்துவிட்டன. ஜோன் ஃப்ராட்டரோலி 2006இல் 146 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருந்தது; அதுவும் சிறியதுதான். மனநோய்க்கு இது மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கதைக்காரர்களுக்கு உரிய ஆய்வு 1996இல் வந்தது. மெலனி கிரீன்பெர்க், கமீல் வார்ட்மன், ஆர்தர் ஸ்டோன் மூவரும் ஒரு குழுவைத் தங்களுக்கு நேர்ந்த துயரத்தை எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம், உங்களுக்கு நேராத ஒரு துயரத்தை நேர்ந்ததாக எண்ணிக்கொண்டு எழுதுங்கள் என்று, முதல் குழுவினர் எழுதியவற்றிலிருந்தே தலைப்பு எடுத்துக் கொடுத்தார்கள். அதாவது அடுத்தவர் துக்கத்தைத் தன்னதாக வைத்து ஒரு கதை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவினருமே, வெற்றுச் செய்திகளை எழுதிய மூன்றாவது குழுவினரை விட, நோய் என்று டாக்டரிடம் போனது குறைவு. நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டதால் ஆறுதல் என்ற விளக்கம் இங்கே நிற்காது. கற்பனைக் குழுவுக்குக் கொட்ட அவர்களுடைய துயரம் எதுவும் அதில் இல்லை. ஒரு பெரிய உணர்ச்சியைக் கையிலெடுத்து, அடுக்கி, ஒரு முடிவு வரை கொண்டுபோக முடிந்ததே பலனுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஷெர்லாக் கேம்ப்பெல் என்பவரோடு பென்னபேக்கர் செய்த 2003ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு படி மேலே போனது. நான்கு நாள் எழுத்தையும் கணினியில் போட்டு, யாருடைய எழுத்து எந்த வகையில் நாளுக்கு நாள் மாறுகிறது என்று பார்த்தார்கள். பலன் பெற்றவர்களிடம் கண்ட மாற்றம் துயரச் சொற்களில் இல்லை. நான், அவள், அவர்கள் போன்ற மூவிடப் பெயர்களில். ஒரு நாள் தன் பக்கமிருந்து எழுதியவர் மறுநாள் அப்பாவின் பக்கமிருந்தும் எழுதிப் பார்த்திருந்தால் உடல்நலம் தேறியது. நான்கு நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

நாற்காலி மாறி உட்காருவது தமிழுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் கபிலர் ஒரு பாட்டில் தலைவியாகப் பேசுவார், அடுத்ததில் தோழி. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யார் எப்போது பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணமே வைத்திருக்கிறது. குறிஞ்சி நிலத்துப் பெண் எதற்குத் தூங்காமல் கிடக்கிறாள் என்று ஓர் ஆண் புலவர் அவள் குரலில் சொல்ல வேண்டும். அதை மற்றப் புலவர்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

மலாயாவில் இந்தப் பயிற்சியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது பள்ளிக்கூடம் அல்ல, பத்திரிகை. 1950இல் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். நாளேட்டின் பக்கங்களிலேயே கதை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். போர் முடிந்து ஐந்தாண்டு, அவசரகாலம், தோட்டங்களைச் சுற்றி முள்வேலி. அந்த நேரத்தில் சிறுகதைக்கு இலக்கணம் கற்க உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னாளில் மலேசியத் தமிழ் எழுத்தில் பேர் வாங்கிய பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். 1952இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து 1957 வரை அதே பத்திரிகையில் இருந்தார். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. இன்று அந்தப் பத்திரிகையும் இல்லை, 2019 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். எழுத வந்த தலைமுறையை அது உருவாக்கியதை எந்தக் கண் தேர்விலும் அளக்க முடியாது.

பள்ளியில் இதற்கு ஒரு வடிவம் உண்டு: தன்கதை. தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் நான் ஒரு பேனா, நான் ஒரு புத்தகப்பை என்று ஒரு தடவையாவது எழுதியிருப்பார்கள். வழிகாட்டி நூல்களின் புண்ணியத்தில் எல்லாப் பேனாவும் ஒரே மாதிரி வாழ்கிறது. ஒரு தொழிற்சாலையில் பிறக்கும், கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்கும், ஒரு நல்ல பையன் வாங்குவான், சிறிது காலம் இன்பம், பிறகு மை தீர்ந்து குப்பைத்தொட்டி. பேனாவுக்குப் பயமோ பொறாமையோ கிடையாது. இது நாற்காலி மாறுவது அல்ல. நாற்காலிக்கு உறை போடுவது.

சிலிம் ரிவரிலிருந்து தஞ்சோங் மாலிம் தொலைவில்லை. அங்கே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆசிரியர்கள் உருவாகிறார்கள். அவர்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு சம்பவம்: காண்டாவில் பால் சுமந்து வந்தவர் மழைச் சேற்றில் வழுக்கி விழுகிறார், இரண்டு வாளிப் பாலும் தரையில். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து கத்துகிறார். பிள்ளைகள் முதல் பக்கத்தில் விழுந்தவராக எழுதட்டும். அது சுலபம், நிறையப் பேர் வீட்டில் பாட்டி சொல்லியிருப்பார், கண்ணீரும் தானே வரும். வாளியின் எடை, காண்டாக் கட்டை தோளில் அழுத்தும் இடம், அன்றைய பேர் போய்விடுமே என்ற கவலை எல்லாம் விசாரித்து எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பொய்த் தகவல் கதை வழியே எவ்வளவு சீக்கிரம் ஒட்டும் என்று பார்த்தோமே.

இரண்டாவது பக்கத்தில் அதே சம்பவத்தைத் தண்டலாக எழுதச் சொல்ல வேண்டும். கெட்டவன் என்று எழுதித் தப்பிக்கக் கூடாது. ‘நான்’ என்றுதான் தொடங்க வேண்டும். அவர் எதற்குக் கத்தினார்? ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கணக்குக் குறைந்தால் கிராணி யாரைக் கேட்பார்? போன வாரம் துரை முன்னால் அவர் என்ன பேச்சு வாங்கினார்? விழுந்தவர் அவருக்கு உறவா, எதிர் வீட்டுக்காரரா? பத்து வயதுப் பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் அவசரப்படுத்த வேண்டாம். மதிப்பெண் போடும்போது இரண்டாவது பக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டியே போடலாம்.